முதலாளிகள் கேட்டு வாங்கிய ஞாயிறு

அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமை ஷோரூமைத் திறந்து கார் விற்பது சட்டப்படி தவறு. இந்தச் சட்டங்கள் தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற ஓய்வின் மிச்சம் என்றும், சந்தையின் பேராசைக்கு நாகரிகம் போட்ட கடிவாளம் என்றும், இவற்றை நீக்கச் சொல்பவர்கள் நுகர்வு வெறியின் எடுபிடிகள் என்றும் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் படித்தவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எதைப் படித்தார் என்பதில்தான் சந்தேகம். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியிலிருந்து பம்பாய் ஆலைத் தொழிலாளர்வரை ஒவ்வொருவராக அழைத்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர், தான் வக்காலத்து வாங்கிய சட்டத்தின் வாசகத்தை மட்டும் ஓரிடத்திலும் வாசகருக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த வேலையை நாம் செய்வோம். இல்லினாய் மாநிலத்தின் வாகனச் சட்டம், கார் விற்பதற்காக ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்கிறது. சொல்லி வாய் மூடுவதற்குள் விதிவிலக்குகள் வரிசைகட்டுகின்றன: பெட்ரோல் விற்கலாம், டயர் விற்கலாம், உதிரி பாகங்கள் விற்கலாம், பழுதுபார்க்கும் பட்டறை நடத்தலாம், நின்றுபோன வண்டியை இழுத்து வரலாம். ஆக, ஒரே கூரையின்கீழ் முன்பக்கத்தில் டை கட்டிக்கொண்டு நிற்கும் விற்பனையாளருக்கு ஓய்வு கட்டாயம்; பின்பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெயில் ஊறும் மெக்கானிக்குக்கு அது வேண்டியதில்லை. உழைப்பவனின் முதுகை நினைத்து உருகும் சட்டம், அதிகம் நோகும் முதுகை விட்டுவிட்டுக் குறைவாக நோகும் முதுகைத் தேடிப்பிடித்தா தைலம் தடவும்? நண்பரின் தொழிலாளர் பாசம் ஷோரூமின் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுவது ஏன் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவருடைய முதல் வாதம் மரபு. கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக்கினாராம், அன்றிலிருந்து அறுபடாமல் வரும் பண்பாட்டுத் தொடர்ச்சியாம் இது. அந்த ஆணை நகரத்தாரைத்தான் ஓயச் சொன்னது. பருவம் காத்திருக்காது என்று உழவர்களுக்கு அப்போதே விலக்கு அளித்துவிட்டார்கள். எனவே இந்த மரபின் மூத்த அம்சம் ஓய்வா, விதிவிலக்கா என்பதே விவாதத்துக்குரியது. போகட்டும். அமெரிக்க மண்ணில் இதற்கு மூதாதை 1610ஆம் ஆண்டின் வர்ஜீனியா குடியேற்றச் சட்டம். ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவனுக்கு முதல் முறை ரேஷன் வெட்டு, இரண்டாம் முறை சாட்டையடி, மூன்றாம் முறை மரணம். மரபைத் தோளில் சுமக்க ஆசைப்படுகிறவர் முழுச் சுமையையும் தூக்க வேண்டாமா? தலைப் பக்கத்தை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வால் பக்கத்தை அடுத்தவர் தலையில் கட்டுவது எந்த ஊர் மரபு?

இரண்டு பக்கம் தள்ளிப் போனால் அதே பேனா, இந்தச் சட்டங்களுக்கும் மதத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று சத்தியம் செய்கிறது. கான்ஸ்டன்டைன் மெல்ல நழுவிவிடுகிறார். அவர் நின்ற இடத்தில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வந்து நிற்கிறார். 1961இன் மெகோவன் எதிர் மேரிலாந்து வழக்கைத்தான் சொல்கிறார். ஞாயிறு அடைப்புச் சட்டங்கள் மதத்தில் பிறந்திருந்தாலும் இன்று எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள் என்ற உலகியல் நோக்கத்துக்கே பயன்படுகின்றன என்று வாரன் எழுதியது உண்மைதான். அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் யார் என்பதை நண்பர் ஏன் சொல்லவில்லை? ஒரு தள்ளுபடிக் கடையின் ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விற்ற பொருள்கள்: கோப்பு அட்டை ஒன்று, தரை மெழுகு ஒரு டப்பா, ஸ்டேப்ளரும் அதற்கான பின்களும், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல். அபராதம் ஆளுக்கு ஐந்து டாலர். தொழிலாளியின் ஓய்வைக் காப்பதாகச் சொல்லப்படும் சட்டத்தின் தலைமகன் வழக்கில் தண்டனை பெற்றவர்கள் தொழிலாளிகள். அதே கடையில் பாலும் ரொட்டியும் சிகரெட்டும் விற்றிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. ஸ்டேப்ளர் விற்றால் களைத்துப்போகும் கை, சிகரெட் விற்றால் களைக்காது போலும்.

அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பையும் அவர் தொடவில்லை. பிலடெல்பியாவின் வைதிக யூத வணிகர்கள், எங்கள் மதப்படி சனிக்கிழமை கடையைப் பூட்டுகிறோம், ஞாயிறும் பூட்டச் சொன்னால் வாரத்தில் ஐந்து நாள்தான் மிஞ்சும், பிழைப்பு எப்படி நடக்கும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் கைவிரித்தது. அந்த வழக்குகளில் நீதிபதி டக்ளஸ் மாறுபட்டு நின்றதைச் சொல்லத் தேவையில்லை. சொன்னால் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்ற வாக்கியத்தின் கம்பீரம் கொஞ்சம் குறையும் அல்லவா?

சரி, பொதுவான ஓய்வு நாள் என்பதையே ஒப்புக்கொள்வோம். அந்தப் பொது இப்போது எங்கே போயிற்று? டெக்சஸில் 1961இல் போட்ட சட்டம் கத்தி, பானை, சலவை இயந்திரம் என்று 42 வகைப் பொருள்களைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து விற்கக் கூடாது என்றது. 1985இல் அதை எடுத்துவிட்டார்கள். கார் மட்டும் தப்பவில்லை. பென்சில்வேனியாவில் ஞாயிறு வணிகத் தடையின் பொதுப் பகுதியை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1978இல் செல்லாது என்றது. கார் தடை அசையாமல் இருக்கிறது. மினசோட்டாவில் 2017 முதல் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை திறக்கிறது, இண்டியானாவில் 2018 மார்ச் முதல். அதே இண்டியானாவில் ஞாயிற்றுக்கிழமை கார் விற்பது இன்றும் குற்றம். குடும்பத்தோடு கழிக்க வேண்டிய புனித நாளில் குடும்பத் தலைவர் விஸ்கி வாங்கலாம், குடும்பம் ஏறிப்போகும் வண்டியை வாங்கக் கூடாது. இதைப் பண்பாட்டுத் தொடர்ச்சி என்று அழைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

டெக்சஸைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அங்கே ஒரு வேடிக்கை உண்டு. அங்கே டீலர் சனியோ ஞாயிறோ ஏதாவது ஒரு நாள் விற்கலாம்; இரண்டு நாளும் சேர்த்து விற்கத்தான் கூடாது. ஞாயிறு புனிதம் என்றால் சனியில் பூட்டினால் எப்படிப் போதும்? எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள் என்றால் ஆளுக்கொரு நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எப்படி வந்தது? எந்த நாள் என்று சட்டத்துக்குக் கவலையே இல்லை. வார இறுதி முழுவதும் ஒருவன் திறந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் கவலை. இந்த ஒரு பிரிவை ஊன்றிப் படித்திருந்தால் நண்பர் கட்டுரையின் முதல் பாதியைக் கிழித்துப் போட்டிருப்பார்.

இப்போது அவருடைய பிரதான ஆயுதத்துக்கு வருவோம். நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் போராடி 1890இல் ஞாயிறு விடுமுறை பெற்றுத் தந்தாரே, அதன் அமெரிக்க உடன்பிறப்புதான் இந்தச் சட்டம் என்கிறார். லோகண்டேயை இந்தக் கூட்டத்தில் சேர்த்ததற்காகவே அவர் மீது எனக்குக் கோபம் உண்டு. லோகண்டே யாரிடம் கேட்டார்? ஆலை முதலாளிகளிடம். யாருக்காகக் கேட்டார்? கூலிகளுக்காக. கார் அடைப்பு விஷயத்தில் சட்டத்தை நீக்கலாம் என்று எவராவது மசோதா கொண்டுவந்தால் முதலில் பதறிக்கொண்டு சட்டமன்றத்துக்கு ஓடிவருவது எந்தச் சங்கம்? டீலர்கள் சங்கம், அதாவது முதலாளிகள் சங்கம். தன் தொழிலாளியை ஓய்வெடுக்க வைக்க முதலாளிக்குச் சட்டம் எதற்கு? சாவி அவன் இடுப்பில்தானே இருக்கிறது, பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே! தன் கடையைப் பூட்ட எவனுக்கும் சட்டம் தேவைப்பட்டதில்லை. எதிர்த்த கடையைப் பூட்டத்தான் சட்டம் தேவை.

இந்த முதலாளிகளின் தொழிலாளர் பாசத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வாரன் தொழிலாளியின் ஓய்வைப் பற்றி எழுதிய அதே 1961இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் கார் டீலர்களிடம் வேலை செய்யும் அத்தனை பேரையும் கூட்டாட்சிச் சட்டத்தின் ஓவர்டைம் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளியது. வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி என்ற விதி மற்ற கடை ஊழியனுக்கு உண்டு, கார் கடை ஊழியனுக்கு இல்லை. 1966இல் இந்த விலக்கைச் சுருக்கினார்கள். ஆனாலும் விற்பனையாளர், உதிரி பாகம் கொடுப்பவர், மெக்கானிக் மூவரும் இன்றும் அதற்குள்தான் கிடக்கிறார்கள். பழுதுபார்க்க வரும் வாடிக்கையாளரிடம் பேசி வேலையை எழுதிக்கொள்ளும் ஆலோசகர்கள், நாங்கள் அந்த மூவரில் யாருமில்லையே, எங்களுக்காவது ஓவர்டைம் கொடுங்கள் என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் வேலை பார்த்த டீலர் உச்ச நீதிமன்றம்வரை சண்டை போட்டு, 2016இல் முடிவாகாமல் கீழே திருப்பி அனுப்பப்பட்டும் விடாமல் மறுபடி மேலே போய், 2018இல் ஐந்துக்கு நான்கு என்று வென்றார். என்சினோ மோட்டார்கார்ஸ் எதிர் நவாரோ என்று தேடினால் யாரும் படிக்கலாம், நண்பரும் படிக்கலாம். கலிஃபோர்னியாவில் ஞாயிறு தடையே இல்லையே என்று அவர் துள்ளுவதற்குமுன் சொல்லிவிடுகிறேன், இந்த விலக்கு கூட்டாட்சிச் சட்டத்தில் இருப்பது. இல்லினாயில் ஞாயிறு ஓய்ந்துவிட்டு வரும் விற்பனையாளரையும் திங்களிலிருந்து சனிவரை அது பிழிகிறது. ஆறு நாளில் எத்தனை மணி நேரம் வேலை வாங்கினாலும் கூடுதல் கூலி கிடையாது, ஏழாம் நாள் மட்டும் உன் குடும்பத்தை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. ஆடுகிற தொட்டிலைப் பார்த்துத் தாலாட்டு எழுதிவிட்டார் நம் கட்டுரையாளர்.

தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டுமானால் அதற்கான கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இல்லினாயிலேயே ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று தனிச் சட்டம் உண்டு. பெரும்பாலான ஊழியர்களுக்கு ஏழு நாளைக்குள் தொடர்ச்சியாக 24 மணி நேரம் விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும். கடை திறந்திருக்கும், ஆள் மாறிக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2019இல் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை நாள் முழுக்கத் திறந்துவைக்க அரசு அனுமதித்தபோதும் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுப்பு என்றுதான் நிபந்தனை போட்டது. ஆளுக்கு ஓய்வு வேறு, கடைக்குப் பூட்டு வேறு என்ற இந்த எளிய பேதம் திருச்சியில் துணிக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். உலக வரலாற்றைக் கரைத்துக் குடித்தவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

அடுத்தது அவரது கணக்கு. வாரத்துக்கு இத்தனை பேர்தான் கார் வாங்குவார்கள். ஆறு நாளில் விற்பதைத்தான் ஏழு நாளாக்கினாலும் விற்பார்கள். ஆகவே ஞாயிறு திறப்பதால் யாருக்கும் லாபமில்லை, கரண்ட் பில்தான் ஏறும் என்கிறார். மணிமேகலையின் தருமம் கேட்ட காதை போலியான ஏதுக்களை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாகப் பிரிக்கும். தான் நிறுவ வந்ததற்கு நேர்மாறானதை நிறுவிவிட்டுப் போகும் ஏது விருத்தம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்துக்குக்கூடக் கிடைக்காது. யாருக்கும் லாபமில்லாத ஒன்றைத் தடுக்க எதற்கு ஐயா சட்டம்? விடியற்காலை மூன்று மணிக்கு ஷோரூம் திறப்பதாலும் லாபமில்லைதான்; அதற்குத் தடை போட எந்த டீலராவது சட்டமன்றத்தில் போய் நின்றாரா? மொத்த விற்பனை கூடாது என்பது ஒருவேளை சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஞாயிறு திறப்பவன் பூட்டியவனின் வாடிக்கையாளரைக் கொண்டுபோவான். அந்தப் பயம்தான் சட்டம். அதற்குத் தமிழில் போட்டி என்று பெயர், அதை அடக்குவதற்கு வேறு பெயர்.

அந்த வேறு பெயரை அமெரிக்க அரசின் வணிக ஆணையமே ஒருமுறை உரக்கச் சொல்லியிருக்கிறது. டெட்ராய்ட் வட்டார டீலர்கள் சட்டத்தின் துணையில்லாமல், தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, முதலில் சில மாலை வேளைகளிலும் பிறகு சனிக்கிழமைகளிலும் கடையைப் பூட்டினார்கள். கடை திறந்திருக்கும் நேரமும் விலையைப் போலவே போட்டியின் ஓர் அங்கம், அதைக் கூடிப் பேசிக் குறைப்பது சட்டவிரோதம் என்று ஆணையம் 1989இல் முடிவு செய்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவின் சாரத்தை ஏற்றது. நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அங்கே விற்பனையாளர்கள் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி உண்மையிலேயே கிளர்ந்தார்கள், சங்கம் கட்டவும் முயன்றார்கள். நண்பரின் கட்சிக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது, அதையும் அவர் தேடி எடுக்கவில்லை, நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் அதுவும் அவர் கையில் நிற்காது. தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேரம் பேசி நேரத்தைக் குறைத்திருந்தால் போட்டிச் சட்டம் அதில் கைவைத்திருக்காது. தொழிலாளர் பேரத்துக்கு அந்த விலக்கு உண்டு. பெரும்பாலான டீலர்கள் தொழிற்சங்கத்தோடு பேசவில்லை, தங்களுக்குள் பேசினார்கள். சங்கம் வேர்விடாமல் இருக்கவும் அந்தப் பேச்சு உதவியது.

இதே முடிவைச் சட்டமன்றத்தின் வழியாகப் பெற்றுவிட்டால் மட்டும் எல்லாம் சுத்தமாகிவிடுகிறது. கலிஃபோர்னியாவின் உலர்திராட்சை விவசாயிகள் தொடர்பான 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, மாநில அரசே போட்ட கட்டுப்பாட்டைப் போட்டிச் சட்டம் தீண்டாது என்றது. போட்டியாளர்கள் ஒன்றுகூடி அப்படியொரு சட்டத்தைக் கேட்பதும் குற்றமாகாது என்று 1961இல் வேறொரு தீர்ப்பு வந்தது. ஆக, ஹோட்டல் அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தால் சதி, சட்டமன்றப் படியேறி அதே முடிவை முத்திரை குத்தி வாங்கி வந்தால் பொதுநலம். இல்லினாயின் பழைய ஞாயிறு கார் தடையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாது என்றது. விடாமல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள், அது 1984இல் அதே நீதிமன்றத்தில் பிழைத்துக்கொண்டது. சிறிய குடும்ப டீலரைப் பெரிய டீலர் விழுங்காமல் காக்கிறதாம் இந்தச் சட்டம். பெரிய டீலர் வெள்ளிக்கிழமை விழுங்க மாட்டாரா? தயாரிப்பு நிறுவனம் நேரடியாக விற்கக் கூடாது என்றும், அதே நிறுவனத்தின் இன்னொரு டீலர் அருகில் முளைக்கக் கூடாது என்றும் மாநிலத்துக்கு மாநிலம் அரண் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற வர்க்கத்தைப் பார்த்து, பாவம் சின்ன மனிதர்கள் என்று கண் கசிவதற்கு எந்தக் கண்ணாடி போட வேண்டும்?

மீதி வாதங்கள் உதிரி. ஞாயிறு வங்கி இல்லை, பதிவு அலுவலகம் இல்லை, எனவே விற்பனை நடக்காது என்கிறார். நாட்டின் மிகப் பெரிய கார் சந்தையான கலிஃபோர்னியாவில் ஞாயிறுதோறும் நடக்கிறது. நடக்காது என்று அவர்களுக்கு யாராவது சொல்லி அனுப்பினால் நல்லது. பூட்டிய ஷோரூமின் வெளியே நிற்கும் வண்டிகளை யாருடைய நச்சரிப்பும் இல்லாமல் குடும்பம் சுற்றிப் பார்க்கலாமே என்கிறார். ரசித்தேன். முதல் பக்கத்தில் காக்கப்பட வேண்டிய உழைப்பாளியாக இருந்த விற்பனையாளர் ஏழாம் பக்கத்தில் தவிர்க்கப்பட வேண்டிய தொல்லையாகிவிட்டார்.

கட்டுரை முழுக்க ஒரே ஓர் ஆள் வரவில்லை. கார் வாங்குகிறவர். கிடங்கில் ஆறு நாள் பெட்டி தூக்குகிறவருக்கும், மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற தாதிக்கும், பஸ் எட்டிப் பார்க்காத புறநகரில் பழைய வண்டி நின்றுபோனால் வேலையே போய்விடுகிற பலருக்கும் ஞாயிறுதான் கையிலிருக்கும் ஒரே நாள். அந்த நாள் உழைப்பாளிகள் எல்லோருக்கும் பொது ஓய்வு நாள் என்று நிறுவத்தான் நண்பர் இத்தனை பக்கம் செலவழித்தார். அப்படியானால் அந்த உழைப்பாளி நாலு கடை ஏறி இறங்கி விலை ஒப்பிட்டு வண்டி வாங்குவது எந்த நாளில்? புதன்கிழமை மதியம் கூலியை விட்டுவிட்டா? கணினிக்கு முன்னால் வேலை பார்க்கிறவர் எந்தக் கிழமையும் ஒரு மணி நேரம் நழுவலாம். கட்டுரையாளர் நழுவக்கூடியவர் என்பது அவர் எழுத்தின் நிதானத்திலேயே தெரிகிறது.

அவர் பதில் எழுதுவார், எழுத வேண்டும். எழுதும்போது கார் கடை விற்பனையாளருக்கும் மெக்கானிக்குக்கும் ஓவர்டைம் கிடையாது என்ற அந்தப் பிரிவை நீக்கச் சொல்லி ஒரு வரி எழுதட்டும். அதற்கு எந்த டீலர்கள் சங்கம் ஆதரவுக் கையெழுத்துப் போடுகிறது என்று கேட்டு அந்தப் பட்டியலையும் இணைக்கட்டும். இல்லினாய் சட்டத்தின் விதிவிலக்குகளில் நான் இங்கே சொல்லாமல் விட்ட ஒன்று மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை அதைத் தாராளமாக விற்கலாம். நான்கு சக்கரம் விற்பவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு சக்கரம் விற்பவரை விட்டுவிடும் அந்தக் களைப்பு எத்தகையது என்பதையும் அதே கையோடு விளக்கிவிட்டால் உபகாரமாக இருக்கும்.